நாலாம் நிலா

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். யார் என்று சொல்ல மாட்டேன், பாவம். திட்டப் பிரிவில் சேர்ந்து இன்னும் ஒரு கார்த்திகை தீபம்கூடப் பார்க்காதவர். "மேடம், வருஷத் திட்டத்துல ஒரு தப்பு கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தீபத்துக்கு முன்னாடி ஒரு பௌர்ணமி ஜாஸ்தியா இருக்கு மேடம். காலண்டர்ல அது இல்லவே இல்ல. எடுத்துடட்டுமா?"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. "தொட்டுடாதே. எழுதி அனுப்பறேன், படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன். அப்படி எழுதியதுதான் இது. கேட்டவர் ஒருவர் என்றாலும் எல்லாரும் படியுங்கள். அவர் கண்டுபிடித்தது சரிதான். அந்த வரி தப்பு. தெரிந்தே வைத்திருக்கிற தப்பு.

நம் வேலையை வெளியே சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். "கடலை மிட்டாய் கம்பெனியில் திட்டம் போடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், "மிட்டாய்க்கு எதுக்குங்க திட்டம்" என்று திருப்பிக் கேட்பார்கள். என் சொந்தத் தம்பியே கேட்டிருக்கிறான். கீழ்பென்னாத்தூரில் கடலை பயிர் வைத்து விற்கிறவன். கடலையை வறுத்தால் மிட்டாய் ஆகிவிடும் என்பது அவன் எண்ணம். அவனிடம் நான் வாதாடுவதில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்கிற சரக்கு பல வகை. சதுர மிட்டாய், நீள மிட்டாய், உருண்டை, எள்ளு கலந்தது. வருஷத் திட்டத்தில் இதெல்லாம் கண்ணில் படவே கூடாது. மூட்டை ஒன்றுதான் தெரிய வேண்டும். எந்த மாதம் எத்தனை மூட்டைக் கடலை வறுப்போம், அதற்கு எத்தனை பேர் வேண்டும், வறுத்துச் செய்து வைப்பதற்குக் குடோனில் இடம் உண்டா, அவ்வளவுதான். எந்த மூட்டை சதுரமாகும், எது உருண்டையாகும் என்பதை அந்தந்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் உருண்டையைப் பிடித்துக்கொண்டு மூட்டையைக் கோட்டை விடுவார்கள்.

நம் ஊரில் விற்பனை நிலவைப் பார்த்து ஏறும், நிலவைப் பார்த்து இறங்கும். மாதா மாதம் கிரிவலக் கூட்டம், வருஷத்துக்கு ஒரு தீபம். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத கூத்து ஒன்று இருக்கிறது. தீபத்துக்கு ஊர் முழுக்க மிட்டாய் வேண்டும், அந்த நாட்களில்தான் நம்மால் ஒரு தட்டு மிட்டாய்கூடப் போட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் உறவுக்காரர்கள் வந்து குவிந்திருப்பார்கள். நம்மிடம் வேலை செய்கிற பெண் வந்தவர்களுக்குச் சோறு போடுவாளா, மிட்டாய் போடும் லைனில் வந்து நிற்பாளா? சரி, ஆளே வந்தாலும் வண்டி போகாது. ஊருக்குள் நுழைகிற ரோடெல்லாம் தடுப்புக் கட்டைகளைப் போட்டு அடைத்துவிடுவார்கள். தேவை உச்சியில் நிற்கும் நேரம் பார்த்துக் கையைக் கட்டிப் போடுகிற தொழில் இது. எனக்கு இந்தத் தொழில் பிடித்துப் போனதே இதனால்தான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. பந்தியில் ஆள் உட்கார உட்கார உலை வைப்பது ஒரு வழி. முன்னாலேயே ஆக்கி இறக்கி வைத்துவிட்டு ஆளுக்குக் காத்திருப்பது இன்னொரு வழி. முதல் வழியில் சோறு மிஞ்சாது. ஆனால் கூட்டம் வரும்போது சமையல்காரர் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது வழியில் சமையல்காரர் எப்போதும் இருப்பார். ஆனால் கூட்டம் வராவிட்டால் சோறு ஊசிப் போகும். நம் தொழிலில் முதல் வழி என்றால் தேவைக்கு ஆள் எடுத்து முடிந்ததும் நிறுத்துவது, இரண்டாவது என்றால் ஆளை வருஷம் பூரா வைத்துச் சரக்கை முன்னாலேயே சேர்ப்பது. இது நல்லது, அது கெட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் இந்த வேலையைச் செய்ததில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் முதலாளியின் மகன், அப்போது எல்லாரும் சின்னவர் என்று கூப்பிட்டோம், நிர்வாகம் படித்துவிட்டு வந்ததும் முதல் வழியைப் பிடித்தார். தீபம் முடிந்ததும் இரண்டாவது லைனில் இருந்த பெண்களை, இருபது பேருக்கு மேல், நிறுத்தினார். ஐப்பசி கடைசியில் திரும்பக் கூப்பிட்டார். ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் கூப்பிட்டால் யார் காத்திருப்பார்கள்? பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதி இடத்துக்கு வந்த புதுசுகள் பாகைக் கருக்கித் தள்ளினார்கள். இருந்தாலும் சம்பளம் மிச்சமானது கணக்கில் பளிச்சென்று தெரிந்தது, கருகிய பாகு அவ்வளவாகத் தெரியவில்லை. நான் முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். கெஞ்சவில்லை, சண்டைதான் போட்டேன்.

முதலாளி நிதானமானவர். இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "ஏம்மா, இந்த வருஷம் உன் வழி. யாரையும் நிறுத்த வேணாம். ஆனா தீபத்தன்னைக்கு ஒரு கடைக்காரன்கூட சரக்கு இல்லைன்னு போன் போடக் கூடாது. தீபம் முடிஞ்சு குடோன்ல நமத்துப் போன சரக்கு நிக்கவும் கூடாது. ரெண்டுல ஒன்னு நடந்தாலும் அடுத்த வருஷத்துல இருந்து தம்பி சொல்றபடிதான்" என்றார். சின்னவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இரண்டாவது லைனுக்குத் தலைவி வசந்தா. அடி அண்ணாமலைக்காரி, கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. முந்தின வருஷம் நிறுத்தியபோது பெங்களூருக்குப் போய் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். இந்த ஏற்பாட்டை அவளிடம் சொன்னேன். "எம் பொண்ணு பத்தாவது மேடம். மறுபடியும் நான் பெங்களூர் போனா அவ படிப்பு அவ்ளோதான். அக்கா வீட்ல அவளை வேலை வாங்குறாங்க" என்றாள். அழவில்லை. "அப்ப நாம ஜெயிக்கணும், இல்ல?" என்று கேட்டுவிட்டு லைனுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வருஷத் திட்டம் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

ஐப்பசி வந்தது. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது.

அந்த வருஷம் ஐப்பசிப் பௌர்ணமி இங்கிலீஷ் மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் பிறந்து, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி இரவு முடிந்தது. அந்த முதல் மாதத்தின் தொடக்கத்திலும் ஏற்கெனவே ஒரு பௌர்ணமி வந்து போயிருந்தது. ஆக "இந்த மாசம் ரெண்டு பௌர்ணமி" என்று ஊரே பேசியது. டீக்கடையில் பேசினார்கள், ஆட்டோவில் பேசினார்கள். அடுத்த மாதக் கடைசியில் தீபம். ஒன்றாம் தேதியிலும் பௌர்ணமி இருக்கிறது அல்லவா, அதனால் "அடுத்த மாசமும் ரெண்டு" என்றும் பேசினார்கள். லாட்ஜ்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், பூக்கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. தேதியைப் பார்த்தால் சரிதான்.

விற்பனைக் கணக்குப் போடுவது சின்னவர் வேலை. ஒரு பௌர்ணமிக்கு இவ்வளவு மூட்டை என்று ஒரு அளவு உண்டு. அவர் இந்த மாதத்துக்கு இரண்டு அளவு போட்டார், அடுத்த மாதத்துக்குத் தீபத்தோடு சேர்த்து இரண்டு போட்டார். மொத்தம் நாலு. வானத்தில் இருந்தது மூன்றுதான். கடைசி நாளில் பிறந்து ஒன்றாம் தேதி முடிந்த அந்த ஒரே நிலவு இரண்டு மாதத்திலும் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கணக்கைப் பார்த்து நான் ஆள் போட்டேன், கடலை வாங்கினேன், குடோனை நிரப்பினேன். ஊரே நாலு என்று பேசும்போது யாருக்கு உறைக்கும்?

உறைக்க வைத்தவர் வேன் ஓட்டும் முனுசாமி. பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் லோடு சீட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "மேடம், இதுல பௌர்ணமி லோடுன்னு போட்டுக்கீது. நேத்து ராத்திரிதான் பௌர்ணமி முடிஞ்சுது. இன்னும் ரோட்டைக் கூட்டி முடிக்கல. இது இன்னா பௌர்ணமி?"

நான் சீட்டைப் பார்த்தேன், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன், முனுசாமியைப் பார்த்தேன். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. குடோனில் தீபத்துக்குச் சேர்த்தது போக ஒரு முழுப் பௌர்ணமிக்கான சரக்கு வாங்க ஆளில்லாமல் நிற்கிறது. என்னவோ, முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சின்னவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அய்யய்யோ" என்றார். அவ்வளவு படித்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்க எனக்கு ஒரே குஷி. மதியம் மழை பிடித்தது, குஷி போய்விட்டது.

ஐப்பசி மழை கடலை மிட்டாய்க்கு எமன். ஈரக் காற்றில் பாகு பதம் நிற்காது. போட்ட மிட்டாய் ஓரத்தில் கசியும். குடோனில் இருப்பதும் மெல்ல மெல்ல நமக்கும். நல்ல மிட்டாயை உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வரும், நமத்தது சத்தமில்லாமல் வளையும். நம் கம்பெனியில் எல்லாரும் காலையில் ஒரு துண்டைக் காதருகே வைத்து உடைத்துப் பார்ப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை பிடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வசந்தா என் காதருகே ஒரு துண்டை உடைத்தாள். சத்தம் கம்மியாக வந்தது.

அன்றைக்கே முதலாளி அறையில் கூடினோம். சின்னவர் தயாராக வந்திருந்தார். "தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா இப்ப என்ன பண்றது? சரக்கு ஜாஸ்தி, மழை வேற. ரெண்டாவது லைனை ரெண்டு வாரம் நிறுத்துவோம். இருக்கிறது குறையட்டும், அப்புறம் கூப்பிடலாம்."

காகிதத்தில் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிட்டா வர மாட்டாங்க தம்பி. பெங்களூர் பஸ் ஏறிடுவாங்க. அப்ப தீபத்துக்கு யார் இருப்பா?" என்றேன்.

"தீபத்துக்கு ஒரு லைன் போதுமே மேடம். சரக்குதான் இருக்கே."

"அந்தச் சரக்கு அப்படியே கெடந்தா தீபத்துக்குள்ள களி ஆயிடும். மழையைப் பாத்தீங்களா? நீங்க பாகை நிறுத்துங்க, சரின்றேன். ஆளை நிறுத்தாதீங்க."

"பாகு இல்லாம ஆள் என்ன பண்ணுவாங்க?"

நல்ல கேள்வி. எனக்கே அப்போதுதான் யோசனை ஓடியது. "இருக்கிறதைக் காப்பாத்துவாங்க" என்றேன். ஒவ்வொரு பெட்டியையும் தரையிலிருந்து பலகை மேல் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைச் சூட்டில் ஒட்ட வேண்டும். நமத்ததைப் பிரித்து எடுக்க வேண்டும். பச்சைக் கடலையைப் பொறுக்கித் தரம் பிரித்து வைக்க வேண்டும், மழை விட்டால் உடனே வறுக்க. பேசப் பேச எனக்கே உற்சாகம் ஏறியது, எழுந்து நின்றுகூடப் பேசினேன். முதலாளி ஜன்னல் வழியாக மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்தால் வசந்தா நிற்கிறாள். உள்ளே பேசியது பாதி அவள் காதில் விழுந்திருக்கிறது. "மேடம், எங்கூட போன வருஷம் இருந்தவ போன் பண்ணா. அங்க ஒரு வீட்ல ஆள் கேக்கறாங்களாம். நாளைக்குள்ள சொல்லணும். பஸ் டிக்கெட் போட்டுடட்டுமா?"

தம்பி, தங்கச்சிகளே, நம் வேலையில் சூத்திரங்களைக் கற்றுக்கொடுக்க எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரி ஒருவர் முன்னால் வந்து நின்று கேட்கும்போது என்ன சொல்வது என்று யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. எனக்கு அதிகாரம் இல்லை. முதலாளி சரி என்று சொல்லவில்லை. "பொறு" என்று சொல்லியிருக்கலாம், "உன் இஷ்டம்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் புத்திசாலித்தனம். நான் "போடாதே" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தியின் வருஷத்தை, அவள் மகளின் வருஷத்தையும் சேர்த்து, ஒரு சொல்லில் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் முதலாளி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உன் இஷ்டப்படி பண்ணு. ஆனா ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்றார். நான் குடோனுக்கு ஓடினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வாரம் என் பணிக்காலத்திலேயே சந்தோஷமான வாரம். வெளியே கொட்டுகிறது, உள்ளே வெல்ல வாசனை. பெண்கள் வரிசையாக நின்று பெட்டியைக் கை மாற்றுகிறார்கள். "மேடம், இந்த மிட்டாய்க்கு நாம ரெயின்கோட் போடறோம்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிக்க, அதுவே வேலைக்குப் பெயராகிவிட்டது. "ரெயின்கோட் எத்தினி ஆச்சு?" என்று சின்னவரே வந்து கேட்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பலகை தூக்க வந்துவிட்டார். அவர் வைத்த பலகை கோணல். வசந்தா அவர் முதுகுக்குப் பின்னால் அதை நேராக்கி வைத்தாள்.

மழை விடும், தீபத்துக்கு முன் ஒரு வாரம் இரண்டு லைனையும் ஓட்டலாம் என்பது என் கணக்கு. மழை விடவில்லை. புயல் வந்தது. ஏரி நிரம்பிக் கோடி போய், கம்பெனிக்கு வருகிற ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போனது. வெல்ல லாரி எங்கேயோ மாட்டிக்கொண்டது. எந்த வாரத்தை நம்பி நான் பேசினேனோ அந்த வாரத்தில் ஒரு மூட்டைகூட வறுக்கவில்லை. இரண்டு லைனும் சும்மா நின்றன. வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்தபடி இருந்தேன். அந்த இரண்டு மூன்று நாள் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் மோர் கேட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு காலையில் தண்ணீர் இறங்கியது. முனுசாமி போன் செய்தார். "மேடம், ரோடு தெரியுது. ஆனா நாளைக்குச் சாயங்காலம் ஊரை அடைச்சிடுவாங்க. இருக்கிறதை ஏத்திடலாமா?" நான் போய்ச் சேர்வதற்குள் வசந்தா குடோன் வாசலில் நின்றிருந்தாள். சேறு முழங்கால் வரை. அடி அண்ணாமலையிலிருந்து எப்படி வந்தாளோ, கேட்க மறந்துவிட்டேன். கதவைத் திறந்தோம். நான் முதல் பையைக் கிழித்தேன். வசந்தா ஒரு மிட்டாயை எடுத்து என் காதருகே வைத்து உடைத்தாள்.

டக்.

இன்னொரு பை. டக். பின்வரிசையில் அடியில் இருந்த பெட்டி. டக். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உடைத்துக்கொண்டே இருந்தோம். பின்னால் வந்து நின்ற சின்னவர் "விக்கிறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அன்றும் மறுநாளும் வேன் ஓடியது பாருங்கள், அதுதான் ஓட்டம். முனுசாமி போகிறார், வருகிறார், போகிறார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துகொண்டார்கள், யாரும் கூப்பிடவில்லை. பேருந்து நிலையக் கடைகள், கோயில் வீதிகள், கிரிவலப் பாதை முழுக்க. கடைசி லோடு அடி அண்ணாமலைக்குப் போய் இறங்கிய பிறகுதான் போலீஸ்காரர்கள் கட்டையைப் போட்டார்கள். குடோனில் மிஞ்சியது கூட்டிப் பெருக்கினால் ஒரு முறத்தில் அடங்கும்.

தீபம் ஏற்றிய அன்று நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேனா, கையில் இருந்த போனைப் பார்த்துக் கும்பிட்டேனா, தெரியாது. சரக்கு இல்லை என்று யாரும் போன் செய்யவில்லை.

கூட்டம் வடிந்து கம்பெனி திறந்ததும் முதலாளி கூப்பிட்டார். மேசையில் லட்டு இருந்தது. மிட்டாய்க் கம்பெனியில் சந்தோஷம் என்றால் வெளியில் லட்டு வாங்குவார்கள், அது நம் வழக்கம். "ஏம்மா, ஜெயிச்சுட்டே" என்றார். நான் ஒரு லட்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போகும்போது சின்னவர் பேசினார்.

"அப்பா, ஒன்னு சொல்லணும். மேடம் திட்டப்படி பாத்தா கடைசி வாரம்தான் முக்கியம். அந்த வாரம் ஒன்னுமே ஓடல. நம்மைக் காப்பாத்தினது நான் தப்பாப் போட்ட அந்த ஜாஸ்திப் பௌர்ணமி. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதை வெச்சு மேடம் வழி ஜெயிச்சுதுன்னு எப்படிச் சொல்றது?"

லட்டு கையிலேயே நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அதை அவர் மேலேயே எறிந்திருப்பேன். எறியாததற்குக் காரணம், அவர் சொன்னது உண்மை. சரியாக நடந்துவிட்டால் எல்லாவற்றையும் நம் கெட்டிக்காரத்தனத்தில் எழுதிக்கொள்கிற ஆசை இந்த வேலையில் எல்லாருக்கும் வரும். அந்த ஆசையை அவர் என் முகத்துக்கு நேராக உடைத்தார். அதற்காக இன்றுவரை அவர்மேல் மரியாதை. ஆனால் வெளியே வசந்தா இருக்கிறாள். நான் சும்மா இருக்க முடியாது.

"பழம் விழுந்தது உங்க தப்பாலதான் தம்பி. ஒத்துக்கறேன்" என்றேன். "விழுந்த பழம் அழுகாம இருந்தது யாரால? ரெண்டாவது லைனை அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தா அத்தனை பெட்டிக்கும் யாரு ரெயின்கோட் போட்டிருப்பா? நீங்க வெச்ச கோணப் பலகையா?"

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். சின்னவர் சிரிக்கவில்லை, யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "அப்ப, தப்பா வந்த சரக்கும் வேணும், அதைப் பாத்துக்க ஆளும் வேணும். ஒன்னு இருந்து இன்னொன்னு இல்லாம இருந்திருந்தா நாம காலி" என்றார்.

"அதேதான்."

"அடுத்த வருஷம் புயல் வந்தா?"

"வரும்."

"அப்ப அடுத்த வருஷமும் நான் தெரிஞ்சே தப்பு பண்ணணும்" என்றார். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, தீபத்துக்கு மேலே ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். நாலாம் நிலா. அதே திட்டத்தில் ஆள் கணக்குக்குப் போய் இரண்டாவது லைனுக்குப் பன்னிரண்டு மாதமும் ஆள் போட்டார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். அவர் வாயில் அதுதான் பெரிய கையெழுத்து.

நான் வெளியே ஓடினேன். வசந்தா மற்ற பெண்களோடு குடோன் பக்கம் நின்றிருந்தாள். "வசந்தா, எல்லாரும் இருக்கீங்க. வருஷம் பூரா" என்று கத்தினேன். அவர்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். கூச்சல் அடங்கியதும் நான் வசந்தாவிடம், "டிக்கெட் எதாவது போட்டு வெச்சிருந்தா கேன்சல் பண்ணிடு" என்றேன். நான் போடாதே என்று சொன்னாலும், ஒரு தாய் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று போட்டு வைத்திருப்பாள், பெங்களூர் வீட்டையும் கையில் வைத்திருப்பாள் என்றுதான் அத்தனை நாளும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "நான் எங்க மேடம் போட்டேன்? அந்த வீட்டுக்காரங்களுக்கும் அன்னைக்கே வரலைன்னு சொல்லிட்டேனே. நீங்கதான் போடாதேன்னீங்க."

அதனால் கேட்டவரே, கேட்காதவர்களே, அந்த வரி காலண்டரில் இல்லைதான். வருஷா வருஷம் அதன் அளவு மாற வேண்டும். மழை தவறுகிற வருஷம் குறையுங்கள், புயல் மிரட்டுகிற வருஷம் கூட்டுங்கள். என்றைக்காவது அது தேவையில்லை என்று உங்கள் கணக்கு சொன்னால், எடுத்தும் விடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை குடோன் பக்கம் போய் வாருங்கள். அங்கே பலகைகளை நேராக வைக்கச் சொல்லிப் புதுசுகளை அதட்டிக்கொண்டு ஒரு மேற்பார்வையாளர் இருப்பார், அவர்தான் வசந்தா. வரியை எடுக்கலாமா என்று அவளிடம் கேட்காதீர்கள், அது உங்கள் வேலை. உங்கள் வாயை நம்பி யாராவது டிக்கெட் போடாமல் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.